ஆலிவுக்கு எந்த ஒயின்?

ஏழு மாதம் கழித்து ராயபுரத்துக்கு வந்திருந்தான் கருணாகரன். இத்தாலியக் கப்பல் ஒன்றில் கேப்டன் மேஜைக்குப் பரிமாறும் பட்லர் அவன். கப்பலிலிருந்து கொண்டுவந்த ஆலிவ் பாட்டிலை மனைவி நீலாவின் முன்னால் திறந்து வைத்தான். சாயங்காலக் கடல் காற்றில் கண்ணை மூடிக்கொண்டு பேசினான்.

"சாப்பாட்டுக்கு முன்னாடி இதான், நீலா. பச்சைக் காய்க்கு வெள்ளை ஒயின், ஜில்லுனு. ஒரு வாய் உறிஞ்சினா கண்ணு தானா மூடிக்கும். கறுப்புக் காய்க்கு செவப்பு ஒயின், கியாந்தின்னு பேரு. நாக்குல கொஞ்சம் நின்னு, தொண்டையத் தடவிகினே எறங்கும்."

நீலா முறத்தைக் கீழே வைத்தாள். அவளுடைய அப்பனைக் குடிதான் கொண்டுபோயிற்று. குடிப்பதில்லை என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்த பிறகுதான் கருணாகரன் தாலி கட்டினான்.

"ஊர்ல சாராயக்கடைய மூடிட்டாங்கன்னு நிம்மதியா இருந்தேன். நீ கடல்ல போயி குடிச்சிகினு கீறே. காலைல எங்கம்மா வூட்டுக்குப் போறேன்."

"யாரு குடிச்சா?"

"குடிக்காம தொண்டைல எறங்கறது எப்பிடித் தெரியும்?"

கருணாகரன் கண்ணைத் திறந்தான். "அஞ்சு வருசமா மேஜைல குடிக்கிறவங்க மூஞ்சியப் பாத்துகினே நிக்கிறேன். ஊத்தறதுதான் என் வேலை. ஒயினும் தொட்டதில்ல, இந்தக் காயும் தின்னதில்ல. மூஞ்சியே எல்லாத்தையும் சொல்லிடும்."

நீலா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பச்சைக் காயை எடுத்து அவன் வாயில் போட்டாள். உப்பிலும் கசப்பிலும் அந்த முகம் மெல்லக் கோணியது.

"இதுக்கு மோருதான் சரி," என்று எழுந்து உள்ளே போனாள்.