எந்த பிளாக்?

"அந்த லென்ஸ் உனக்கு வேணாம்மா" என்றார் கேமராக் கடை ஹபீப் முகமது.

செவ்வந்திக்குச் சுருக்கென்றது. அவள் இன்னும் விலையைக்கூடக் கேட்கவில்லை.

"ஏன் பாய்?"

"கனம். ரெண்டு கிலோ வரும்."

"நான் மூட்டை தூக்குற வூட்லேர்ந்துதான் வர்றேன்."

கடைக்காரர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார். "காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்ப?"

"அஞ்சு."

"படம் எடுக்க எதுல போவ?"

"சைக்கிள்ல."

"ஒரே இடத்துல எவ்ளோ நேரம் உக்காருவ?"

"பறவை வர்ற வரைக்கும். இதெல்லாம் எதுக்கு பாய்? இன்டர்வியூ எனக்கு போன வாரமே முடிஞ்சிடுச்சு."

உண்மைதான். பறவைக் கணக்கெடுக்கும் ஒரு குழுவில் அவளை எடுத்திருந்தார்கள். விலங்கியல் முடித்த பிறகு கிடைத்த முதல் வேலை. அவள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆளும் அவள்தான். ஒரே நிபந்தனை, திங்கட்கிழமை சொந்தக் கேமராவோடு வர வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவர்.

எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்று அவர்கள் சொல்லவில்லை. கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு வாரமாக வீடியோ பார்த்தாள். எல்லோரும் அறுநூறு, அறுநூறு என்றார்கள்; தூரத்துப் பறவையைக் கிட்டத்தில் காட்டும் அறுநூறு எம்.எம். லென்ஸ். அந்த அறுநூறுதான் இப்போது கண்ணாடி அலமாரிக்குள் வெள்ளரிக்காய் பருமனைத் தாண்டி, சுரைக்காய் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

பாய் வேறொன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு பழைய கேமரா, அதில் எழுபது-முந்நூறு லென்ஸ். பிடிக்கிற இடத்தில் ரப்பர் வழுவழுவென்று இருந்தது. எண்கள் பாதி அழிந்திருந்தன.

"இது போதும் உனக்கு."

"தேஞ்சதா எனக்கு?"

"தேஞ்சிருந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம்மா."

"மீதிப் பணத்துக்கு அம்மா மகளிர் குழுவுல கடன் கேட்டிருக்காங்க. நான் ஓசியில கேக்கல."

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் கார் நின்றது. இறங்கி வந்தவர் நேராக அலமாரியைப் பார்த்தார்.

"பாய், நான் பிளாக் பத்தொம்பது. குவார்ட்டர்ஸ் பின்னாடி தினமும் மயில் வருது. இருக்கறதுலயே பெரிய லென்ஸ் எது?"

பாய் ஒரு வார்த்தை பேசாமல் அறுநூறை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பிறகு, "செகண்ட் ஹேண்ட் சார். இதுக்கு முன்னாடி மூணு பேர் வச்சிருந்தாங்க" என்றார்.

"மூணு பேரா? ஒரு கீறல்கூட இல்லையே. ரொம்ப நல்லா வச்சிருந்திருக்காங்க."

"ஆமா சார். நல்லா வச்சிருந்தாங்க."

அவர் லென்ஸைத் திருப்பிப் பார்த்தபடி செவ்வந்தியிடம் கேட்டார். "நீயும் கேமராவுக்கா? எந்த பிளாக்?"

கம்பெனி ஊழியர்கள் குடியிருக்கும் அந்த டவுன்ஷிப்பில் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பிளாக் தெரிந்தால் அப்பா பெர்மனென்ட்டா, என்ன கிரேடு என்று எல்லாம் தெரிந்துவிடும்.

"பிளாக் இல்ல சார். கேட்டுக்கு வெளிய."

"ஓ" என்றார். "ஆரம்பத்துல செல்போனே போதுமேம்மா."

பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. "பெட்டி வேணாம் பாய், வீட்ல இடத்த அடைக்கும்" என்று சொல்லிவிட்டு, லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கார் சத்தம் மறையும்வரை செவ்வந்தி பொறுத்தாள்.

"அவர்கிட்ட எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்கன்னு கேட்டீங்களா?"

"இல்ல."

"எவ்ளோ நேரம் உக்காருவீங்கன்னு?"

"இல்லம்மா."

"கனம்னு சொன்னீங்களா? கார்ல வந்தா அறுநூறு, சைக்கிள்ல வந்தா தேஞ்சது. எங்கப்பா இருபத்திரண்டு வருஷமா கான்ட்ராக்ட். அவருக்கும் யாரோ இப்படித்தான் ஒரு மேசைக்குப் பின்னாடி உக்காந்துகினு, இவனுக்கு இது போதும்னு முடிவு பண்ணியிருப்பாங்க. நீங்களும் அதே ஆளுதான் பாய்."

அவள் சைக்கிள் சாவியை எடுத்தாள்.

"பேசி முடிச்சிட்டியா?" என்றார் பாய்.

அந்தக் காலிப் பெட்டியை இழுத்து, மூடியைத் திறந்து, உட்புறத்தை அவள் பக்கம் திருப்பினார்.

பேனாவால் மூன்று வரிகள் எழுதப்பட்டிருந்தன. பிளாக் நாலு. பிளாக் இருபத்தொண்ணு. பிளாக் பதினஞ்சு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு தேதிகள். லென்ஸ் போன நாள், திரும்பி வந்த நாள். எதிலும் இடைவெளி ஆறு மாதத்தைத் தாண்டவில்லை.

பாய் நான்காவதாக 'பிளாக் பத்தொம்பது' என்று எழுதி, இன்றைய தேதியைப் போட்டார். இரண்டாவது தேதிக்கு இடம் விட்டார்.

"கீறல் ஏன் இல்லன்னு இப்ப தெரியுதா? ரெண்டு ஞாயித்துக்கிழமை மயில் எடுப்பாங்க. அப்புறம் கை வலிக்கும். பீரோவுல தூங்கும். பிறகு இங்க வரும். வர வர விலையும் இறங்கும். அடுத்த தடவ வரும்போது உனக்குக் கட்டுபடியாகும்."

செவ்வந்தி சைக்கிள் சாவியை மேசையில் வைத்தாள்.

"உன் வேலைக்கு, என்ன பறவைன்னு தெரிஞ்சா போதும். அதுக்கு இந்த முந்நூறு தாங்கும். சைக்கிள்லயும் போவலாம். அம்மாவ அந்தக் கடன வேணாம்னு சொல்லச் சொல்லு."

தேய்ந்த லென்ஸை அவள் பக்கம் தள்ளிவிட்டு, மூடியில் ஐந்தாவது வரியில் பேனாவை வைத்தார்.

"பேரச் சொல்லு. பிளாக் வேணாம்."