திறந்த வாயும் திரண்ட மேகமும்

சலவைக்கடைக்காரர் பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடக்கிறார். குகைபோலத் திறந்த வாய்க்குள் ஒரு இரும்புக்கடையே இருக்கிறது. மூலை டிவியில் ஊர்க்கோடி மைதானத்து டெஸ்ட் ஆட்டம், கடைசி நாள். நம் கடைசி ஜோடி தட்டுத்தடுமாறி நிற்கிறது. "பிட்ச்சுல வெடிப்பைப் பாருங்க டாக்டர், ஆளே உள்ள விழுந்திருவான். பந்து திரும்புற திருப்பத்துல அம்பயரே அவுட்டாயிருவாரு," என்கிறாள் நர்ஸ். "மழை கொட்டினாத்தான் தப்பிப்போம்," என்று டாக்டர் ட்ரில்லும் கையுமாக ஜன்னலைப் பார்க்கிறார். எருமைக் கூட்டம்போல மேகம் வருகிறது. வேறு நாளானால் சலவைக்கடைக்காரரும் மழையைத்தான் வேண்டியிருப்பார். இன்று அவருடைய மொட்டைமாடியில் ஒரு ஆஸ்பத்திரியின் மொத்தப் படுக்கை விரிப்பும் காய்கிறது. சாயங்காலம் கொடுத்தாக வேண்டும், எடுத்துவைக்க வீட்டில் ஆளில்லை. "என்னண்ணே, மழை வருமா?" என்று டாக்டர் அவரையே கேட்கிறார். "ஆ... ஆ..." என்று சலவைக்கடைக்காரர் கையை உதறுகிறார். "பாத்தியா, அண்ணனே ஆமாங்கறார்." ஜன்னல் கண்ணாடியில் ஒரு துளி விழுகிறது, பின்னாலேயே ஓராயிரம். டிவியில் ஆட்டக்காரர்கள் ஓடுகிறார்கள். சலவைக்கடைக்காரரின் கன்னத்தில் வழியும் கண்ணீரை டாக்டர் பஞ்சால் ஒற்றுகிறார். "மேட்ச் தப்பிச்சதுக்கு அழுறார் பாரு. ரசிகன்னா இவர்தான் ரசிகன். நல்லாத் திறங்கண்ணே."