கூண்டில் நிற்க ஒரு நிறம்

நிறவெறிக்கு எதிராக உலகத்தின் மனசாட்சி இன்று டெல்லி சரோஜினி நகர்த் தமிழ்ச் சங்கத்தில் விழித்துக்கொள்கிறது. ஒத்திகை ஐந்து மணிக்கு. அமெரிக்க நாவலொன்றின் நீதிமன்றக் காட்சியைத் தமிழில் நாடகமாக்குகிறார்கள். செய்யாத குற்றத்துக்காகக் கூண்டில் நிற்கும் கறுப்பருக்கு வாதாடும் வக்கீலின் வசனம் நான்கு பக்கம். நர்ஸின் மகள் மரியா அத்தனையையும் தாளைப் பார்க்காமல் சொல்லி முடிக்கிறாள். இயக்குநர் நல்லசிவம் ஜன்னல் வெயிலில் அவளுடைய கறுத்த முழங்கையைப் பார்க்கிறார். "நீ கூண்டுல நில்லும்மா. மேக்கப் மிச்சம்." "அது ஆம்பள வேஷம், அங்கிள்." "தொப்பி வச்சுக்கலாம். ஜல்தி, ஏறு." கவிழ்த்த பெஞ்சுக்குப் பின்னால் மரியா அவரையே முறைத்தபடி நிற்கிறாள். வக்கீலின் கறுப்புக் கோட்டு சங்கச் செயலாளர் மகள் அகல்யாவின் தோளில் தொளதொளக்கிறது. இரண்டாம் வரியிலேயே வாதம் நிற்கிறது. "மரியா, எடுத்துக் குடும்மா." மரியா வாயைத் திறக்கவில்லை. வசனத்தாள் அகல்யாவின் கையில்தான் இருக்கிறது. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.