காதுக்கேற்ற பஞ்சு

"இடது பக்கம் சத்தமே வரக் கூடாது பாய்."

நூர் அகமது கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார்.

"சத்தம் வரலைன்னா சரி பண்ணித் தருவேன். வர்ற சத்தத்தை எதுக்குப்பா அடைக்கணும்?"

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருடைய கடை. காதுக்குள் சொருகுகிற ஹெட்போன் ஊருக்குள் புதுசாக வந்திருந்த சமயம். ஒருத்தருக்கு மத்தளம் தலைக்குள் இடிக்க வேண்டும். இன்னொருத்தருக்குக் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டால் போதும். நூர் அகமது ரப்பர் மூடியைக் கழற்றி, உள்ளே பஞ்சைக் கூட்டியோ குறைத்தோ வைத்து, அவரவர் காதுக்கு ஏற்ற மாதிரி ஆக்கிக் கொடுப்பார். சத்த விஷயத்தில் மட்டும் பொய் பேச மாட்டார். அதனாலேயே பாதி வாடிக்கையாளர்களுக்கு அவரோடு சண்டை.

வந்தவன் மதியழகன். நூல் மில்லில் வேலை. கல்யாணமான புதுசு.

"பொண்ணுக்குப் பாட்டுன்னா உசுருன்னு தரகர் சடையாண்டி சொன்னாரு பாய். பேரு வேற இசைவாணி. நானும் எனக்குப் பாட்டுன்னா உசுருன்னு சொல்லிட்டேன்."

"சரி, அதுக்கென்ன?"

"ஞாயித்துக்கிழமையானா செம்பட்டிக்கு, மாமியார் வீட்டுக்குப் போறோம். பஸ்ல ஆளுக்கு ஒரு பீஸ். வலது அவளுக்கு, இடது எனக்கு. வாரம் பூரா மில்லு சத்தம் பாய். அன்னிக்கு ஒரு நாளாச்சும் காது சும்மா இருந்தாத் தேவலைன்னு இருக்கு. அவளுக்காகத் தலைய ஆட்டிக்கிட்டே வாரேன்."

"பொண்டாட்டிகிட்டயே நடிப்பா? உள்ளதச் சொல்லித் தொலையேன்!"

"சொன்னா அவ பாட்டு கேக்குறதையே விட்டுருவா பாய். பாவம்ல."

நூர் அகமதுவுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் பசை தொட்ட பஞ்சைத் திணித்து இடது பீசை அடைத்துக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து அதே ஹெட்போன் கடைக்கு வந்தது. கொண்டுவந்தது ஒரு பெண்.

"பாய், வலது பக்கம் மட்டும் சத்தம் வராமப் பண்ண முடியுமா?"

நூர் அகமது அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் எல்.கே.ஜி. டீச்சர் பாய். நாள் பூரா ஒரு கிளாஸ் பிள்ளைங்க அம்புட்டும் கத்துது. எங்க வீட்டுக்காரருக்குப் பாட்டுன்னா உசுருன்னு தரகர் சொன்னாரு. நானும் எனக்கும் அப்படித்தான்னுட்டேன். இப்ப பஸ்ல தலைய ஆட்டி ஆட்டிக் கழுத்தே புடிச்சுக்கிச்சு."

"அவர்கிட்டச் சொல்லிறலாமேம்மா?"

"ஐயோ, பாட்டு போடுறதையே நிறுத்திருவாரு. எப்படி ரசிச்சுக் கேக்குறாரு தெரியுமா? நான் வந்தது அவருக்குத் தெரியவே கூடாது பாய்."

நூர் அகமது தலையில் அடித்துக்கொண்டு இடுக்கியை எடுத்தார். வலது பக்கமும் அடைபட்டது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இப்படியொரு அநியாயம் பண்ணியதில்லை என்று அன்றைக்கு முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் செம்பட்டியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ். பஸ் ஏறி உட்கார்ந்தால், முன் சீட்டில் அந்த இரண்டு பேரும்! ஆளுக்கொரு பீஸ். தலைகள் ஆடிக்கொண்டிருந்தன, ஆளுக்கொரு தாளத்தில்.

"இந்தப் பாட்டு எப்படி வாணி?"

"உருகிட்டேங்க. இன்னொரு தடவ வைங்க."

நூர் அகமது தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த ஸ்டாப்பில் ஏறினார் தரகர் சடையாண்டி. இருவரையும் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா மாப்ள, நான் சேத்து வச்ச பொருத்தத்த! செத்த நேரம் குடுங்க, நானும் கேக்குறேன்."

கேட்டு முடிப்பதற்குள் மதியழகனின் பீசைப் பிடுங்கித் தன் காதில் சொருகிக்கொண்டார்.

"என்ன மாப்ள, சத்தமே வரல?"

இசைவாணி திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"உன்னுதையும் குடு தாயி, பாப்போம்." அவள் பீசும் தரகரின் இன்னொரு காதுக்குப் போனது. இப்போது அவள் முகமும் வெளிறிவிட்டது. சடையாண்டி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வாயைத் திறந்தார்.

பின் சீட்டிலிருந்து நூர் அகமது எழுந்துவிட்டார்.

"என்னண்ணே, பாட்டு எனக்கு இங்க வரைக்கும் கேக்குது. ஒங்களுக்குக் கேக்கலையா? காது மந்தமான தரகர்கிட்ட நாளைக்கு யாரு வரன் சொல்ல வருவா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சடையாண்டி சட்டென்று கண்ணை மூடினார். தலை மெல்ல ஆடத் தொடங்கியது.

"கேக்குது, கேக்குது! இப்பத்தான் சூடு புடிக்குது. அடடா, என்னா கொரலு!"

அவள் பீஸில் கேட்கிறதாக்கும் என்று மதியழகனுக்கு உயிர் வந்தது. கணவன் பீஸில்தான் என்று இசைவாணியும் மூச்சு விட்டாள்.

மானம் போய்விடும் என்ற பயத்தில் செம்பட்டி வரைக்கும் சடையாண்டி இரண்டு பீசையும் கழற்றவே இல்லை. நடுவில் ஒரு தடவை, "பாய், இதே மாதிரி எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்க" என்று வேறு கேட்டுவைத்தார்.

முன் சீட்டில் இசைவாணி மெதுவாகக் கேட்டாள்.

"பாட்டு போச்சேன்னு வருத்தமாங்க?"

"ரொம்ப. உனக்கு?"

"எனக்குந்தான்" என்றவள், அவன் தோளில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.