ஈயச் சொம்பு

ரசம் கொதிக்கக் கொதிக்க, வசுமதியின் ஈயச் சொம்பு நாளுக்கு நாள் எடை குறைந்துகொண்டே வந்தது. இப்போதெல்லாம் ஜன்னலோரம் வைத்தால் காற்றில் நகர்கிறது.

"என்ன வசு, இவனைத் தூக்கவே முடியலையே?" என்றான் கணவன், காய்ச்சலில் கிடந்த பிள்ளையருகே குனிந்து. பாயின் கீழே தரை லேசாகக் குழிந்திருந்தது. "காலையிலேர்ந்து வயிறு காலி."

அவள் பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள். விரல் அழுந்திய இடம் பள்ளமாகிப் பளபளத்தது.

வசுமதிக்குப் பதறியது. ஈயத்தைக் காலியாகச் சூட்டில் விட்டால் உருகிவிடும். முதலில் உள்ளே எதையாவது ஊற்றிவிட வேண்டும். புகுந்த வீட்டில் அவளுக்குச் சொன்ன முதல் பாடமே அதுதான்.

ஓடிப்போய்ச் சொம்பை எடுத்து வந்தாள். "குடிடா கண்ணா, காலியா இருக்காதே" என்று ஆறிய ரசத்தை அவன் வாயில் ஊற்றினாள்.

கையில் சொம்பு இன்னும் லேசானது.