தாகம் தாங்கிய நாற்று

"நில்லு! கையில என்ன?"

டாக்டரம்மா போட்ட சத்தத்தில், கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்த துப்புரவுப் பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒரு கையில் துடைப்பம். இன்னொரு கையில் காலி டம்ளர். வயதில் மூத்தவள்தான், ஆனாலும் டாக்டரம்மா வாயில் அவள் எப்போதும் 'நீ'தான்.

ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பயிர் ஆராய்ச்சி டாக்டர். காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. பதினொரு மணிக்கு மதிப்பீட்டுக் குழு வருகிறது. சோதனை ஜெயித்தால் வேலை நிரந்தரம். தோற்றால் இந்த மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சோதனை இதுதான்: இரண்டு தட்டு சோள நாற்று. இடது தட்டுக்கு ஹார்மோன் தெளித்தாயிற்று. தாகம் எடுத்தால் செடியே சுரக்கிற சமாச்சாரம்தான் அது. இலையின் துளைகளை மூடி, உள்ளே இருக்கிற ஈரத்தைக் காபந்து பண்ணும். வலது தட்டுக்கு அது கிடையாது. இரண்டுக்குமே பன்னிரண்டு நாள் தண்ணீர் காட்டக் கூடாது. நடுவில் யாரும் தொடவும் கூடாது.

"உள்ளே போகாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? வாடுதேன்னு பாவப்பட்டு வலது தட்டுல தண்ணி ஊத்திட்டியா?"

"ஐயோ, இல்லம்மா! அந்தத் தட்டுல ஒரு சொட்டுகூட ஊத்தல. சத்தியமா."

"ஒரு சொட்டு பட்டாலும் மொத்த சோதனையும் பொய்யாயிடும். உனக்கெங்கே அது புரியப் போகுது! குழு வந்துட்டுப் போகட்டும், உன்னை வேலையை விட்டே தூக்கச் சொல்றேன்."

அடித்துப் பிடித்து உள்ளே ஓடினாள் டாக்டரம்மா.

அப்பாடா! வலது தட்டு கருகிச் சுருண்டு கிடந்தது. இடது தட்டு பச்சைப் பசேலென்று நின்றது. விரலால் தொட்டுப் பார்த்தாள். மண்ணில்கூட லேசான ஈரம். 'என் ஹார்மோனா கொக்கா!' என்று மனசு துள்ளியது.

குழு வந்தது. தலைவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"பிரமாதம் டாக்டர்! அறிக்கையில கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வாங்க. உங்க ஆர்டரை இப்பவே ரெடி பண்ணச் சொல்றேன்."

அவர்கள் போனதும் டாக்டரம்மா பேனாவைத் திறந்தாள். வாசலில் துப்புரவுப் பெண் இன்னும் நின்றிருந்தாள். திட்டு வாங்கினதெல்லாம் மறந்து முகம் முழுக்கச் சிரிப்பு.

"வேலை கிடைச்சிடுச்சாம்மா?"

"கிடைச்சாச்சு. நீ இன்னும் இங்கே என்ன பண்றே?"

"அன்னிக்கு போன்ல உங்க வீட்டுக்காரர்கிட்ட, 'இடது தட்டு வாடினா என் கதி அவ்வளவுதான்'னு அழுதீங்களேம்மா. கேட்டதுலேர்ந்து எனக்கு மனசே ஆறல. நாலாம் நாளே அதுவும் தலை தொங்கிப் போச்சு. அதான்..." டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "தினம் நீங்க வர்றதுக்கு முன்னாடி வந்து, அதுக்கு மட்டும் ஒரு டம்ளர்..."

பேனா அந்தரத்தில் நின்றது.

டாக்டரம்மா வராந்தாவை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. கதவைச் சாத்தினாள். மளமளவென்று கையெழுத்தைப் போட்டாள்.

"இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, அக்கா" என்றாள்.