இடப்பாகத்து இருக்கை

காருக்கு விலை சொல்ல வந்த சென்னியப்பன் அதன் நட்டுகளை விரலால் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்று திரும்பியது.

அடுத்ததும் திரும்பியது.

அவள் கொட்டகையின் வாசற்கட்டைக்கு இப்பால் நின்றாள். எப்போதும் நிற்கும் இடம் அதுதான்.

உள்ளே, செங்கல் அடுக்கின்மேல் கார். இருவர் மட்டுமே அமரத்தக்க பழைய பந்தய வகை. கூரை கிடையாது. மேனி முழுதும், பெயிண்டுக்கு முன் பூசும் பிரைமரின் சாம்பல் நிறம். விளக்குகள் இருக்க வேண்டிய குழிகள் இரண்டும் வெறுமையாய் இருந்தன, சிற்பி இன்னும் கண் திறக்காத திருவுருவம் போல.

அவள் கணவர் தெய்வசிகாமணி அதை இழுத்துவந்த நாளில் அவளுக்குத் தலை நரைக்கவில்லை. அதன்பின் ஞாயிறுகள் யாவும் இந்தக் கொட்டகைக்கே உரியவாயின. கோயிலுக்குப் போய்வந்து, நெற்றியின் நீறு அழியுமுன் உள்ளே நுழைவார். விளக்கு வைக்கும் வேளையில்தான் வெளியே வருவார். சுத்தியல் ஓசைக்கு நடுவே, இடப்பாகத்தை உமைக்கு ஈந்தவனைப் பாடும் பதிகம் கேட்கும்.

அவள் சமையலறையிலிருந்து கேட்பாள்.

"ஒருக்கா வந்து உக்காந்து பாரு அம்மிணி" என்பார்.

ஓடட்டும், அப்புறம் உட்காருகிறேன் என்பாள்.

முதலில் அது விளையாட்டு. பிறகு பிணக்கு. பிறகு அவர் அழைப்பதை நிறுத்திவிட்டார். அவளும் காப்பித் தம்ளரை வாசற்கட்டைக்கு மேலாக நீட்டிவிட்டுத் திரும்பப் பழகிக்கொண்டாள்.

சென்ற தையில் அவர் போய்ச் சேர்ந்தார். அடுத்த மாதம் அவள் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போகிறாள். ஒன்பதாவது மாடி. அங்கே இந்தக் காருக்கு இடமில்லை.

விலை எதுவாயினும் அவளுக்குச் சம்மதமே. அவள் அறிய வேண்டியது வேறு. அத்தனை ஞாயிறுகளும் இதற்காகவா, அல்லது அவளிடமிருந்து விலகி இருப்பதற்காகவா?

பழைய கார்களை வாங்கி விற்கும் ஒருவரிடம் அதை எப்படிக் கேட்பது? இதை அவர் முடித்திருப்பாரா என்று மட்டும் கேட்டாள்.

சென்னியப்பன் கைகளைத் துணியில் துடைத்தார். பாதியில் நின்ற காருக்கு விலை வைப்பதே அதைப் பார்த்துத்தான் என்றார். முதலில் எல்லாவற்றையும் விரலால் பொருத்திப் பார்ப்பார்களாம். பொருந்தியது உறுதியானால் ஸ்பேனர் போட்டு முடுக்கி, நட்டின் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பார்களாம். இனி இதைத் தொட வேண்டியதில்லை என்று பொருள்.

"இதுல ஒன்னுகூட முடுக்கலீங்கக்கா. எல்லாமே கை முடுக்குத்தான். மாட்டறதும் கழட்டறதுமாவே இருந்திருக்காருங்க."

அவள் தலையசைத்தாள்.

மாட்டுவதும் கழற்றுவதும்.

உள்ளே இருக்க ஒரு காரணம். அவ்வளவே.

சென்னியப்பன் மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் நகர்ந்தார். டார்ச் வெளிச்சம் தரையில் அலைந்தது. ஓரிடத்தில் நின்றது. அடியிலிருந்து அவர் சிரிப்பது கேட்டது.

இடப்பக்க இருக்கை. அதன் நட்டுகள் அசையவில்லை. ஒவ்வொன்றிலும் மஞ்சள் பொட்டு என்றார்.

"சீட்டப் போயி யாராச்சும் மொதல்ல முடுக்குவாங்களாக்கா? தரைத்தகடு வேல பூராம் பாக்கி கெடக்குது. இதக் கழட்டாம அதத் தொடவே முடியாது. இத்தன வெவரமான மனுசன் இதுல கோட்டை உட்டுட்டாருங்க."

அவள் வாசற்கட்டையைத் தாண்டினாள்.

கதவின் கைப்பிடி எங்கே என்று தெரியவில்லை. சென்னியப்பன் எழுந்துவந்து திறந்துவிட்டார்.

அவள் அமர்ந்தாள்.

குள்ளமான உடல் அவளுக்கு. எந்த வண்டியில் ஏறினாலும் கால் தொங்கும். இறங்கும்போது மரத்துப்போயிருக்கும். மணமான புதிதில் பழனிக்குப் போன பேருந்தில், ஒன்றும் சொல்லாமல் அவர் தம் தகரப்பெட்டியை அவள் காலடியில் நகர்த்திவைத்தார். அதன்பின் அவர்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

கால்களை நீட்டினாள்.

பாதங்கள் ஒரு சாய்வுப் பலகையில் போய் அமைந்தன. தேக்கு. கணுக்கால் உரசாதபடி விளிம்பு இழைக்கப்பட்டிருந்தது.

பலகையின் இரு ஓரத்திலும் மஞ்சள் பொட்டு.

வலப்பக்கம் திரும்பினாள். அங்கே இருக்கை இல்லை. கவிழ்த்துவைத்த எண்ணெய் டின் ஒன்று. அதன்மேல் மடித்த சாக்கு. சாக்கின் நடுவே, ஓர் ஆள் அமர்ந்தமர்ந்து உண்டான பள்ளம்.

சென்னியப்பன் விலை சொன்னார். ஓடும் நிலையில் என்றால் இருபது லட்சம் பெறும், இப்படியே எடுத்தால் ஆறு என்றார். ஓட்டுபவர் சீட் இல்லை, அந்தக் காலத்து அசல் சீட் கிடைப்பது அரிது, அதையும் கழித்தே சொல்வதாக விளக்கினார். வேறு யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம் என்றார்.

நியாயமான விலை.

அவள் சாக்கின் பள்ளத்தைப் பார்த்திருந்தாள்.

"ரெண்டு சீட்டுக்கும் கழிச்சுக்குங்க தம்பி. இது எங்கூட வரட்டும்."

அவர் தம் கருவிப்பெட்டியைத் திறந்து ஸ்பேனரைத் தேடி எடுத்துக்கொண்டு அருகில் வந்து நின்றார்.

அவள் இறங்கவில்லை.

முன்கண்ணாடி இல்லாத சட்டத்துக்கு அப்பால் கொட்டகையின் சுவர். அதையே நோக்கியிருந்தாள், எதிர்க்காற்று படுவதுபோல் கண்களைச் சுருக்கி.